இன்னொருவர் பெயரில் ஒரு வாரம்

அட்வான்ஸ் கொடுக்கும் வரை அந்தப் புரோக்கர் முதல் ரிங்கிலேயே போனை எடுப்பார். "சொல்லுங்க மேடம், உங்களைத்தான் நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்பார். கொடுத்த பிறகு மணி முழுதாக அடித்து ஓயும். அப்புறம் ஒரு குறுஞ்செய்தி வரும்: மீட்டிங்கில் இருக்கிறேன், அழைக்கிறேன். அழைக்க மாட்டார்.

நான் தில்லைநகரில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். வீடு ஸ்ரீரங்கத்தில். காலையில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய் அடுத்தவர்களின் முழங்காலை மடக்கி நீட்டிவிட்டு, சாயங்காலம் அதே பாலத்தின் வழியாகத் திரும்புகிறவள். ஓரிடத்தில் உட்கார எனக்கு வராது. வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட நின்றுகொண்டுதான் பார்ப்பேன். ஆனால் கல்யாணமாகி வந்ததிலிருந்து குடும்பமாக ஒரு வெளியூருக்குப் போய்த் தங்கியது கிடையாது. காரணம் என் மாமனார். அவர் பூஜையில் சாளக்கிராமம் வைத்திருக்கிறார். தினமும் தன் கையால் தளிகை பண்ணி, பெருமாளுக்கு அமுது செய்வித்த பிறகுதான் அவர் வாயில் ஒரு பருக்கை போகும். பெருமாளைச் சின்னப் பெட்டியில் வைத்து எங்கேயும் எடுத்துப் போகலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் போகிற இடத்தில் அடுப்பு வேண்டும். ஓட்டல் அறையில் அடுப்புக்கு எங்கே போவது?

டைம்ஷேர் என்று ஒன்று இருப்பதை என்னிடம் தோள்பட்டை வலிக்கு வந்த ஒரு பேங்க்காரர்தான் சொன்னார். ஒரு தடவை பணத்தைக் கட்டிவிட்டால் வருஷத்தில் ஒரு வாரம் மலை மேல் ரிசார்ட்டில் தங்கலாம். அறை இல்லை, வீடு. ஹால், படுக்கையறை, சமையலறை. "கேஸ் அடுப்பு, குக்கர், பாத்திரம் எல்லாம் உண்டுங்க" என்றார். அவர் தோளில் இருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

புதிதாக வாங்க எங்களால் முடியாது. ஆனால் வாங்கிப் போட்டுவிட்டுப் போகாமல் இருப்பவர்கள், வருஷாவருஷம் பராமரிப்புக் கட்டணம் கட்டி அலுத்தவர்கள், விற்கத் தயாராக இருக்கிறார்கள். அவர்களையும் என்னைப் போன்றவர்களையும் சேர்த்து வைப்பதுதான் புரோக்கரின் தொழில். கண்டோன்மெண்டில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் அவருடைய ஆபீஸ். சுவர் முழுக்கப் பனி மலைப் படங்கள்.

"கொடைக்கானல், ஒரு பெட்ரூம், கிச்சனோட. பார்ட்டி துபாய்ல செட்டில் ஆயிட்டாரு மேடம். இந்தியா பக்கமே வர்றதில்ல. பேச்சு எல்லாம் என் மூலமாத்தான்" என்றார்.

"அவரோட ஒரு தடவை பேசலாமா?"

"டைம் டிஃபரன்ஸ் மேடம். நான் இருக்கேன்ல?"

என் கணவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "உனக்கு வேணும்னா பண்ணு. அப்பா வருவாரான்னு மட்டும் முதல்ல கேட்டுக்கோ" என்றார்.

கேட்டேன். மாமனார் துளசியை ஆய்ந்துகொண்டே, "கேஸ் அடுப்பா, கரண்ட் அடுப்பா?" என்றார்.

"கேஸ்ப்பா."

"அப்போ வரேன்."

இவ்வளவு சுலபமாக அவர் ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கே பார்ட்டிக்கான அட்வான்ஸையும் சர்வீஸ் கட்டணத்தையும் புரோக்கருக்கு அனுப்பினேன்.

அதோடு ஆரம்பித்தது. பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது என்றார் புரோக்கர். பிறகு வெரிஃபிகேஷன் நடக்கிறது என்றார். பிறகு போனை எடுக்கவில்லை. நான் ரிசார்ட் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கே போன் போட ஆரம்பித்தேன். இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. தமிழ் எத்தனையாவது எண் என்று கேட்பதற்குள் வேறொரு நோயாளி வந்துவிடுவார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை செய்வேன். முழங்கால் ஆபரேஷன் ஆனவர்களெல்லாம் அந்தப் பின்னணி இசைக்குக் காலை மடக்கி நீட்டினார்கள். "என்னம்மா, யாரும் எடுக்கலியா?" என்று வலியோடு விசாரிப்பார்கள்.

யாராவது எடுத்தால், "உங்க ரிக்வெஸ்ட் ப்ராசஸ்ல இருக்கு மேடம்" என்பார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு குரல், ஒவ்வொரு குரலுக்கும் நான் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் உத்திர வீதியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவது என் வழக்கம். அந்த நாட்களில் அது போதவில்லை. சித்திரை வீதிக்கும் போனேன். கையில் போன், கண் போனில்.

கடைசியில் ஒருநாள் மத்தியானம் கஸ்டமர் கேரிலிருந்தே அழைத்தார்கள். ஒரு பெண். நிதானமான தமிழ். விற்கிறவரையும் வாங்குகிறவரையும் ஒரே லைனில் வைத்துப் பேசி, இருவர் சம்மதத்தையும் பதிவு செய்ய வேண்டுமாம். சற்று நேரத்தில் விற்கிறவர் லைனுக்கு வந்தார்.

"சார், உங்க மெம்பர்ஷிப்பை இவங்களுக்கு மாத்திக் குடுக்க உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம், சம்மதம்."

அவர் குரலுக்குப் பின்னால் ஒரே சத்தம். ஹாரன். அதைத் தாண்டி ஒரு ஆள் தொண்டை கிழியக் கத்தினார்: "வாளாடி, டோல்கேட், சத்திரம்! சத்திரம், சத்திரம்!"

சத்திரம் என்பது திருச்சியின் டவுன் பஸ் ஸ்டாண்ட். வாளாடி வழியாக அங்கே வருகிற பஸ் லால்குடி பஸ். நான் தினமும் பார்க்கிற பஸ். துபாயில் யாரும் அப்படிக் கூவ வாய்ப்பில்லை.

"சார், நீங்க லால்குடியிலயா இருக்கீங்க?" என்றேன்.

லைன் கட்டாகிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேரே கண்ணாடிக் கடை மாடிக்குப் போனேன். புரோக்கர் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்தார்.

"துபாய்னு ஏன் சொன்னீங்க?"

அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார். "உள்ளூர்ப் பார்ட்டின்னா நேரா வீட்டுக்குப் போயிடுவாங்க மேடம். ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்குவாங்க. அப்புறம் எனக்கு எதுக்குக் கமிஷன்? அதுவும் போக, ஊர்ல யாருக்கும் தெரிய வேணாம்னு அவரே சொன்னாரு. விக்கிறதுன்னா கஷ்டம்னு பேசுவாங்கள்ல."

"இன்னும் என்னென்ன சொல்லாம இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம். அவங்க வீட்டம்மா பேரும் பத்திரத்துல இருக்கு. அவங்க ஒரு ஓகே சொல்லணும். அவ்வளவுதான்."

வீட்டம்மாவுக்குக் கஸ்டமர் கேர் எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. எடுத்தபோது என்னையும் லைனில் சேர்த்தார்கள். அதே நிதானமான பெண்தான் பேசினாள். "அம்மா, மெம்பர்ஷிப்பை மாத்துறதுக்கு உங்களுக்குச் சம்மதமாம்மா?"

"எனக்குச் சம்மதமில்லீங்க" என்றது அந்தக் குரல். கோபமே இல்லை. கடையில் இந்தச் சோப்பு வேண்டாம் என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

"அம்மா, உங்க கணவர் சம்மதிச்சிட்டாரு..."

"அவர் சம்மதம் அவர்கிட்ட. என்னைத்தானே கேட்டீங்க?"

கஸ்டமர் கேர் பெண் எதையோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்கம்மா. நான் இதை இங்கயே நிறுத்திடறேன்" என்றாள். என்னிடம், "சாரி மேடம்" என்று மட்டும் சொன்னாள். நான் கிளினிக்கின் பின்கட்டில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் யாராவது தெளிவாக ஒரு பதில் சொல்ல மாட்டார்களா என்று தவித்தேன். இப்போது சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டு அழைப்பு மணி அடித்தது. மாமனார் கதவைத் திறந்து, "உன்னைத் தேடிண்டு யாரோ வந்திருக்கா" என்றார். வாசலில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். கோயிலுக்குப் போய்விட்டு வந்த கோலம், கையில் துளசி மாலை.

"நான் லால்குடிங்க. போன்ல வேணாம்னு சொன்னது நான்தான். நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர் எங்க வீட்டுக்கு வந்துச்சு, அதுல விலாசம் இருந்துச்சு. பெருமாளைச் சேவிக்க வந்தேன், அப்படியே பாத்துட்டுப் போகலாம்னு."

உள்ளே வந்து உட்கார்ந்தார். காபி வாங்கிக்கொண்டார். அவர்களுக்கு லால்குடியில் உரக்கடை, கொஞ்சம் வயல். திருச்சியில் ஒரு பொருட்காட்சியில் கூப்பனில் பெயர் எழுதிப் போட்டிருக்கிறார்கள். பரிசு விழுந்திருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு ஓட்டலுக்குக் கூப்பிட்டு விருந்து போட்டிருக்கிறார்கள். விருந்து முடிவதற்குள் இவருடைய கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"பரிசு என்னக்கா?" என்றேன். அக்கா என்று தானாகவே வந்துவிட்டது.

"ஒரு அயர்ன் பாக்ஸ். ரெண்டு மாசத்துல போயிடுச்சு." சிரித்தார். "ஒவ்வொரு வருஷமும் போகலாம் போகலாம்னு பேசுவோம். நடவு வந்துடும். நடவு முடிஞ்சா உர சீசன். கடையை யார் பாக்குறது? நான் ஸ்வெட்டர்கூட வாங்கி வெச்சேன். லால்குடியில ஸ்வெட்டர் வெச்சிருக்க ஆளு நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் உள்ளுக்குள் பதற்றம். இவர் எதற்கு வந்திருக்கிறார்? கேட்டுவிட்டேன். "அக்கா, அப்போ உங்களுக்கு அது வேணுமா? போகாமத்தானே இருக்கீங்க?"

"வேணுமா வேணாமான்னு எனக்கே தெரியலீங்க. என்னைக் கேக்காமலே வாங்குனாரு. இப்ப என்னைக் கேக்காமலே விக்கிறாரு. நடுவுல நான் ஒரு தடவகூட அந்த இடத்தைப் பாக்கலை." டம்ளரைக் கீழே வைத்தார். "இந்த வருஷத்து வாரம் இருக்கு. நான் ஒருக்கா போயிட்டு வந்துடுறேன். அதுக்கப்புறம் கேளுங்க."

நான் சரி என்றேன். அவசரம் பிடித்த எனக்கே அப்போது சரி என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

புரோக்கருக்குக் கோபம். "இதெல்லாம் ப்ரொசீஜர்லயே இல்ல மேடம்! நீங்க எப்படி அவங்ககிட்ட நேரா பேசலாம்?" என் கணவருக்குக் கோபமில்லை, சந்தேகம். "போயிட்டு வந்து தர மாட்டேன்னு சொன்னா என்ன பண்ணுவே?" என்றார். "அப்படிப்பட்டவங்க இல்ல" என்றேன். ஒரு டம்ளர் காபி குடித்த நேரத்தில் நான் ஒருவரை எடை போட்டு முடித்துவிட்டேன்.

அவர் தன் தங்கையோடு கொடைக்கானல் போனார். கணவர் கடையைப் பார்த்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கே மழையா என்று போனில் வானிலை பார்த்தேன். மழை பெய்தால் இடம் பிடிக்காமல் போகும், சீக்கிரம் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று ஒரு கணக்கு. அப்படி நினைப்பது கேவலமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாளும் பார்த்தேன்.

வாரம் முடிந்தது. அவரிடமிருந்து போன் வரவில்லை. நான் அடித்தாலும் எடுக்கவில்லை. கஸ்டமர் கேர் பழைய பல்லவிக்குத் திரும்பியிருந்தது: ப்ராசஸ்ல இருக்கு. மாமனார் வேறு, "எப்போ கெளம்பறோம்னு சொன்னா நெய் காய்ச்சி வெச்சுப்பேன்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் லால்குடி பஸ் ஏறினேன். டோல்கேட் வரை நின்றுகொண்டு போனேன். இடம் கிடைத்த பிறகும் உட்காரவில்லை. வழியெல்லாம் நடவு முடிந்த வயல், தேங்கி நின்ற தண்ணீர். எதையும் பார்க்கும் மனநிலையில் நானில்லை.

உரக்கடையைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. கல்லாவில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் மூட்டைகளுக்கு நடுவே நின்று ஒரு விவசாயியிடம் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அக்கா எழுந்து வந்தார்.

"நானே வரணும்னு இருந்தேங்க. போன்ல சொல்ற விஷயமில்ல. எனக்குக் குடுக்க மனசு வரலை."

"தரேன்னு சொன்னீங்களே?"

"போயிட்டு வந்ததுக்கப்புறம் கேளுங்கன்னுதாங்க சொன்னேன். தரேன்னு சொல்லலை." அவர் முகத்தில் தந்திரம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "காலைல எந்திரிச்சா அடுத்த வீடு தெரியலைங்க, அம்புட்டுப் பனி. யாரும் வந்து அம்பது கிலோ யூரியா இருக்கான்னு கேக்கலை. நானும் தங்கச்சியும் சும்மா உக்காந்திருந்தோம். சும்மா. எனக்கு அது தெரியாமலே இருந்துச்சு பாருங்க."

அவர் கணவர் பக்கத்தில் வந்து நின்றார். போனில் கேட்ட அதே குரல். "மேடம், உங்க அட்வான்ஸை நாளைக்கே திருப்பி அனுப்பிடுறேன். தப்பு என் பேர்லதான். இவகிட்ட முன்னாடியே கேட்டிருக்கணும்." பிறகு தாழ்ந்த குரலில், "வந்ததுல இருந்து இவதான் கல்லால உக்கார்றா. நான் மூட்டை தூக்குறேன்" என்றார். புகார் சொல்கிறாரா, பெருமைப்படுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

கிளம்பும்போது அக்கா கடைக்கு வெளியே வரைக்கும் வந்தார். "முந்தின வருஷங்கள்ல போகாம சேர்ந்துபோன வாரம் இன்னும் கெடக்குதுங்க. கெஸ்ட்னு போட்டு வேற ஆளுங்களை அனுப்பலாமாம். உங்க மாமனாரைக் கூட்டிக்கிட்டு ஒரு வாரம் போயிட்டு வாங்களேன்."

"வேண்டாங்க" என்றேன். திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். தானம் வாங்க வந்தவளைப் போல என்னை ஆக்கிவிட்டார் என்று பஸ்ஸில் பொருமிக்கொண்டே வந்தேன்.

அட்வான்ஸ் சொன்னபடி மறுநாளே வந்துவிட்டது. புரோக்கர் தன் சர்வீஸ் கட்டணத்தைத் திருப்பித் தரவில்லை. "என் வேலையை நான் பாத்துட்டேன் மேடம். பார்ட்டி பின்வாங்குனா நான் என்ன செய்ய?" என்றார். சண்டை போட்டேன். கண்ணாடிக் கடைக்காரர் மாடிப்படியில் ஏறி வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குப் போட்டேன். பிரயோஜனமில்லை.

ஒரு வாரத்தில் கஸ்டமர் கேரிலிருந்து அழைப்பு. விண்ணப்பத்தை மூடிவிட்டார்களாம். அவர்களுடைய சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் கொடுக்க வேண்டுமாம். அந்த நிதானமான பெண்தான்.

"அன்னிக்கு அந்தம்மா வேணாம்னதும் உடனே நிறுத்திட்டீங்களே. இன்னொரு தடவை கேட்டுப் பாத்திருக்கலாம்ல?" என்றேன்.

"அவங்கதான் சொல்லிட்டாங்களே மேடம்" என்றாள் ஆச்சரியமாக.

ஐந்து என்றேன். எதற்கு அந்த ஐந்து என்று எனக்கே விளங்கவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மாமனார் ஏற்கெனவே நெய் காய்ச்சி முடித்திருந்தார். பெருமாளை எடுத்துப் போகும் பெட்டிக்குப் புதிதாகப் பட்டுத்துணி வாங்கி உள்ளே தைத்திருந்தார். எண்பதை நெருங்கும் மனிதர் ஊசியில் நூல் கோர்த்துத் தைத்திருக்கிறார். அதை நான் எதேச்சையாகப் பார்த்தேன். இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பிறகு லால்குடிக்குப் போன் போட்டேன். "அக்கா, அந்த கெஸ்ட் வாரம்..." என்று இழுத்தேன். "இந்த வருஷப் பராமரிப்புப் பணத்தை நாங்க கட்டிடறோம். அதுக்குச் சரின்னாத்தான் வருவோம்."

"கட்டுங்க, கட்டுங்க. யார் வேணாம்னா?" என்றார் உடனே. எனக்கு அது பிடித்திருந்தது.

போனோம். ரிசார்ட் வரவேற்பறையில் எங்களை அவர் பெயரைச் சொல்லித்தான் வரவேற்றார்கள். சாவி கொடுக்கும்போதே ஒரு இளைஞன், நாளைக் காலை அரை மணி நேரம் ஒதுக்கினால் புது மெம்பர்ஷிப் பற்றி விளக்குவதாகச் சொன்னான். என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

சமையலறை சின்னதுதான். மாமனார் அடுப்பைக் கழுவினார், மேடையைக் கழுவினார், எங்களை வெளியே போகச் சொன்னார். அரிசி வேக ஊரைவிட அதிக நேரம் எடுத்தது. "மலைன்னா இப்படித்தான் போல" என்று உள்ளேயிருந்து தனக்குத்தானே பேசிக்கொண்டார். நான் பால்கனிக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். வந்தாகிவிட்டது. இனி என்ன செய்வது என்று தெரியவில்லை. மூன்றாவது இடம் ஏதாவது இருந்தால் அங்கேயும் நடந்திருப்பேன்.

போன் அடித்தது. லால்குடி அக்கா. கடைச் சத்தம் கேட்டது.

"சேர்ந்துட்டீங்களா? இப்ப எங்க நிக்கிறீங்க?"

"பால்கனில."

"கீழ வலது பக்கம் ஒரு பேரிக்கா மரம் தெரியுதா?"

"ஒண்ணுமே தெரியலைக்கா. வெறும் பனி."

"இருங்க, விலகும். நான் லைன்லயே இருக்கேன்."

அவர் போனைக் கல்லாமேல் வைத்துவிட்டு யாருக்கோ பொட்டாஷ் விலை சொன்னார். சில்லறை எண்ணினார். திரும்ப வந்து, "தெரியுதா?" என்றார். "இல்லை" என்றேன். உள்ளே மாமனார் மணியை ஆட்ட ஆரம்பித்திருந்தார். நான் போனைக் காதில் வைத்தபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.